மேனேஜர் பதவியா, கைவேலையா, சொந்த ஊரா: என் மருமகளுக்காகப் போட்ட கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். குளித்துச் சாப்பிட்ட கையோடு பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்ததும் கேட்டாள்: "அத்தை, மேனேஜர் போஸ்ட் குடுக்காங்க. வேண்டாம்னு சொன்னா நான் வளரலன்னுதானே அர்த்தம்?"

அவளுக்கு 31 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருஷமாக வேலை. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. மற்றவர்கள் இரண்டு நாள் தேடியும் கிடைக்காத பிழையை ஒரு மதியத்தில் பிடித்துவிடுவாள். பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவள் முன்னால் இருந்த வழிகளை ஒரு நோட்டில் எழுதினோம். மேனேஜர் ஆவது. மேனேஜர் ஆகாமல் தொழில்நுட்பத் தடத்திலேயே மேலே போவது. சம்பளம் குறைந்தாலும் தென்காசி, திருநெல்வேலி பக்கம் ஒரு வேலை தேடி வந்துவிடுவது. வீட்டிலிருந்து சொந்தமாக வேலை எடுத்துச் செய்வது. கடைசியாக, அண்ணனுடைய ஆசைப்படி அரசுத் தேர்வு எழுதுவது.

அன்று மதியம் வரை பேசியும் முடியவில்லை. அப்புறம் மூன்று வாரம் போனிலும் நேரிலும் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

'வளரல' என்ற சொல்

கணக்குக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளை உறுத்தியது சம்பளத்தை விட அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஜெயித்தவர் என்பதற்கு அடையாளம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. 1885இல் பாபநாசம் மலையடிவாரத்தில் ஹார்வி சகோதரர்கள் தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சாலையைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் 'மில்லுல வேலை' என்றால் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் வந்தன, 1878இல் தூய யோவான் கல்லூரி, 1923இல் தூய சவேரியார் கல்லூரி. வாத்தியார் வீடு என்றால் தெருவில் ஒரு மரியாதை. 1969இல் வங்கிகள் தேசியமயமான பிறகு கிளைகள் பெருகி, 'பேங்க் வேலை' முதலிடத்துக்கு வந்தது. அப்புறம் வளைகுடா, அப்புறம் ஐ.டி. என் தாத்தாவுக்கு மில், அப்பாவுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஐ.டி. மூன்று பேருமே வெவ்வேறு அளவுகோலில் 'நல்லா வந்தவர்கள்'. இன்று மேனேஜர் என்ற பெயருக்கு இருக்கும் மதிப்பும் இப்படி வந்ததுதான். அது இயற்கை விதி இல்லை.

பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு அக்காவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். கோரையைப் பச்சையாக இருக்கும்போதே நீளவாக்கில் கீறிக் காயவைப்பார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, மறுபடியும் சன்னமாகக் கிழிப்பார்கள். சாதாரணப் பாய்க்குப் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், குறைவு. பட்டு மாதிரி மெல்லிசாக இருப்பதால் பட்டுப் பாய் என்கிற பாய்க்கு அது நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது வரை ஏறும். நூல் ஏற ஏறக் கோரையும் மெலிய வேண்டும், விரலும் மெதுவாகப் போக வேண்டும். நெய்து முடித்தால் பாய் துணி மாதிரி மடியும். அந்த அக்கா சின்ன வயதில் முரட்டுப் பாயில் தொடங்கியவர், இன்று பட்டுப் பாய் நெய்கிறார். அவருக்குக் கீழே ஆள் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. ஆனால் அவர் வளரவில்லை என்று பத்தமடையில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

இதை மருமகளிடம் சொன்னபோது முகம் தெளிந்தது. ஆனால் மற்றப் பாதியையும் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. அந்த அக்காவின் கைக்கு ஏற்ற கூலி அவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு பாய்க்கு அவர் கொடுக்கும் நாள்களையும் கைக்கு வரும் காசையும் பக்கத்தில் வைத்தால் மனசு கஷ்டப்படும். திறமை வளர்ந்தால் மட்டும் போதாது, அதற்கு விலை கொடுக்கிற ஆளும் இருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நாலு கேள்வியால் அளப்பது என்று முடிவு செய்தோம். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்? நாளில் எத்தனை மணி நேரம் நம் வசம் இருக்கும்? ஐந்து வருஷம் கழித்துக் கைவேலை கூடியிருக்குமா, மங்கியிருக்குமா? இந்த வாசல் அடைபட்டால் போக இன்னொரு வாசல் உண்டா?

மேனேஜர் பதவி

முதலில் பணம். அவளுக்கு இப்போது ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். மேனேஜர் ஆனால் 14 லட்சம். இரண்டு லட்சம் கூடுதல் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 2025-26 முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 போக, 12 லட்சம் வரை வரி இல்லை. அதாவது 12.75 லட்சம் சம்பளம் வரை அவள் ஒரு பைசா வரி கட்ட வேண்டாம். 14 லட்சம் ஆனதும் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். கழிவு போக 13.25 லட்சத்துக்கு வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 81,900 ரூபாய். கூடுகிற இரண்டு லட்சத்தில் அது போனால் மிச்சம் 1,18,100. மாதத்துக்குப் பத்தாயிரம் கூட இல்லை. அதிலும் பி.எஃப். பிடித்தம் கொஞ்சம் ஏறும்.

"இவ்வளவுதானா அத்தை?" என்றாள். இவ்வளவுதான். அடுத்தடுத்த உயர்வுகளில் பணம் கூடும் என்பது உண்மை. மேலே போகப் போக மேனேஜர் தடத்தில் சம்பளம் நன்றாகவே ஏறும். ஆனால் முதல் படிக்குக் கிடைக்கும் விலை இதுதான் என்று தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

அடுத்தது வேலை. இதில் நான் என் கதையைச் சொல்ல வேண்டும். நான் சென்னையில் பதினைந்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். அதில் கடைசி நாலு வருஷம் மேனேஜர், எனக்குக் கீழே பதினாலு பேர். ஆண்டுக் கடைசியில் எல்லாருக்கும் மதிப்பெண் போட வேண்டும். அணியே நன்றாக வேலை பார்த்திருந்தாலும் கடைசித் தட்டில் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். அந்த வருஷம் அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் அடிக்கடி ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தான். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விடுமுறை மட்டும் அதிகம். யாரையாவது எழுத வேண்டும், அவன் பெயரை எழுதினேன். அறையில் உட்கார வைத்துக் காரணம் சொன்னபோது அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிக்கா" என்று எழுந்து போனான். மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்த 'சரிக்கா' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. அந்த நாலு வருஷத்தில் நான் ஒரு சோதனை நிரல் கூட என் கையால் எழுதவில்லை. கூட்டம், அறிக்கை, விடுமுறை ஒப்புதல், வாடிக்கையாளர் சமாதானம், இதிலேயே நாள் போனது. பிறகு வேறு ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது எளிமையான ஒன்றை எழுதச் சொன்னார்கள். விசைப்பலகையில் கை வைத்தேன், ஓடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

என் அனுபவத்தை வைத்து மேனேஜர் வேலையே மோசம் என்று சொன்னால் அது தப்பு. என்னோடு சேர்ந்த தூத்துக்குடித் தோழி ஒருத்தி அருமையான மேனேஜர். ஆளை வளர்ப்பது அவளுக்குச் சந்தோஷம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தடுமாறினால் இரவு எட்டு மணிக்குக் கூடப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். மேலிடத்தில் தன் ஆளுக்காகச் சண்டை போடுவாள். அவளுக்கு அது கைவேலை. ஆக, நிரல் எழுதுவதற்கு ஒரு படி மேலே மேனேஜர் இருக்கிறார் என்று நினைக்கவே கூடாது. அது வேறு தொழில். நல்ல சமையற்காரரைக் கூப்பிட்டு நாளையிலிருந்து நீங்கள் கல்யாண மண்டபத்தை நிர்வகியுங்கள் என்று சொல்வது மாதிரி. சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது.

மருமகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். போன வருஷம் மேனேஜர் பிரசவ விடுப்பில் போனபோது இரண்டு மாதம் நீதானே பொறுப்பு பார்த்தாய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி இருந்தது? கொஞ்ச நேரம் யோசித்தாள். "வயித்தக் கலக்கும் அத்தை" என்றாள். ஒரு வேலை நமக்கானதா என்று தெரிய ஞாயிறு சாயங்காலத்தை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

வாசல் விஷயத்திலும் ஒரு யோசனை உண்டு. ஆள் குறைக்கிற காலத்தில், சொந்தமாக எதையும் செய்து காட்ட முடியாத நடுமட்ட மேனேஜர்கள் வேலை தேட ரொம்பச் சிரமப்படுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

தொழில்நுட்பத் தடம்

மேனேஜர் ஆகாமலேயே பதவியும் சம்பளமும் ஏறுகிற தடம் புதிதில்லை. அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐ.பி.எம். 1962லேயே தன் மிகச் சிறந்த தொழில்நுட்பக்காரர்களுக்கு 'ஃபெல்லோ' என்ற தனி நிலையை உருவாக்கியது. நிர்வாகத்துக்குள் இழுக்காமல் அவர்களை அவர்கள் வேலையிலேயே உயர்த்துவது நோக்கம். இன்று பல நிறுவனங்களில் ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினியர் என்று இந்தத் தடம் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. தென்காசி மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை நடத்திவந்த ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கத் தலைமை விஞ்ஞானி ஆனார். நிறுவனரான அவருக்கு அது எளிது, சம்பளக்காரருக்கு அப்படி வருமா என்று கேட்கலாம், சரியான கேள்விதான். ஆனாலும் ஏணியின் உச்சியில் இருந்தவரே பக்கவாட்டில் நகர்ந்து கைவேலைக்குப் போவதை வளர்ச்சிக் குறைவு என்று யாரும் பேசவில்லை.

இந்தத் தடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பல இடங்களில் இது காகிதத்தில் மட்டும் இருக்கும். மணிக்கணக்கில் ஆளை வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பணம் வாங்கும் சேவை நிறுவனங்களில், அனுபவம் கூடக்கூட நாம் செலவாகத் தெரிவோம். சொந்தமாகப் பொருள் செய்து விற்கும் நிறுவனங்களில் ஆழமான ஆளுக்கு மதிப்பு அதிகம். பாயின் கதைதான் இதுவும், விலை கொடுக்கிறவர் யார் என்பது முக்கியம். அதனால் மருமகள் தன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொடுத்தேன். இந்தத் தடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் ஒருவராவது உண்டா? அவரிடம் நான் அரை மணி நேரம் பேசலாமா? அந்த நிலைக்கும் அதற்கு இணையான மேனேஜருக்கும் சம்பளம் எவ்வளவு வித்தியாசம்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் தடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வருவது

நான் ஊருக்கு வந்தது 2019இல். அதே வருஷம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. நான் வந்தபோது 'வேலை போயிட்டா?' என்று கேட்காத ஆள் கிடையாது. இன்று அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது. ஜோஹோ 2011லேயே மத்தளம்பாறைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளைத் தானே எடுத்துப் பயிற்சி கொடுக்கும் பள்ளியையும் அங்கே நடத்துகிறது. கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பணக் கணக்கைப் பாருங்கள். இப்போது அவளுக்கு மாதம் ஒரு லட்சம், பி.எஃப். 6,000 போக 94,000. மேடவாக்கத்தில் வாடகையும் பராமரிப்பும் 19,000, சாப்பாடு 12,000, போக்குவரத்து 5,000, ஊருக்கு வந்து போக 4,000. ஆக 40,000 போய் 54,000 நிற்கிறது. இங்கே வந்தால் சம்பளத்தில் முப்பது சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 70,000. பி.எஃப். 4,200 போனால் 65,800. சொந்த வீடு, அம்மா சமையல், ஒரு ஸ்கூட்டர், வீட்டுக்கு அவள் கொடுப்பது எல்லாம் சேர்த்து 15,000 என்றால் நிற்பது 50,800. முப்பதாயிரம் சம்பளம் குறைந்தும் கையில் நிற்பதில் குறைவது 3,200தான். வாடகை வீடு எடுத்துத் தனியாக இருக்க வேண்டிய நிலை என்றால் இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் என்றால் ஊர்தான், சந்தேகமே இல்லை. சென்னையில் அவள் தினமும் இரண்டரை மணி நேரம் சாலையில் கழிக்கிறாள். இங்கே நான் காலை ஆறு மணிக்கு அம்மாவோடு வ.உ.சி. மைதானத்தில் நடந்துவிட்டு, காபி குடித்து, பேப்பர் பார்த்து, ஒன்பது மணிக்கு வேலையில் உட்காருகிறேன். என் அண்ணனுக்கு சேரன்மகாதேவிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. கார் சாகுபடியிலும் பிசானத்திலும் நடவுக்கு நிற்க ஆள் இல்லாமல் தனியாகத் திண்டாடுவார். பிள்ளை பக்கத்தில் இருந்தால் வேலை செய்யாவிட்டாலும் கணக்கு வழக்காவது பார்ப்பாள்.

இடிக்கிற இடம் நாலாவது கேள்வியில். சென்னையில் ஒரு நிறுவனம் கைவிட்டால் அதே சாலையில் இன்னும் நூறு கதவு. இங்கே விரல்விட்டு எண்ணலாம். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் என்று பெரிய இடங்கள் உண்டு, ஆனால் அவை வேறு படிப்பு, வேறு நுழைவு. ஆகவே ஊருக்கு வருகிறவர் கையில் ஒரு வருஷச் செலவுக்குப் பணமும், வெளியூர்க்காரர் விலை கொடுக்கிற திறமையும் இருக்க வேண்டும். வெறுங்கையோடு, வெறுப்பில் வரக்கூடாது. நான் கொஞ்சம் வெறுப்பில்தான் வந்தேன். முதல் ஒன்றரை வருஷம் சேமிப்பைக் கரைத்துத்தான் சமாளித்தேன்.

மதினிக்கு வேறு கவலை. "மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்ல? வேலைய விட்டுட்டு வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். இது சின்ன விஷயம் இல்லை. முப்பதைத் தாண்டிய பெண் பிள்ளையின் வேலை, அவள் கையில் இருக்கும் பதவிப் பெயர், ஊர், எல்லாம் வரன் பேச்சில் எடை போடப்படுகிறது. நான் சொன்னேன்: "மதினி, மேனேஜர்னு கேட்டு வார மாப்பிள்ளை, அவ ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங்ல இருந்தா சும்மா இருப்பாரா? அவ வேலையத் தெரிஞ்சு வாரவர் வரட்டும்." மதினி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசிக்கிறார்.

மற்ற இரண்டு

சொந்தமாக வேலை எடுத்துச் செய்வதில் சுதந்திரம் அதிகம், வரியும் சாதகம். குறிப்பிட்ட தொழில்முறைப் பணிகளுக்கு வருமான வரிச் சட்டத்தில் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் வசதி உண்டு. தன் வேலை அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிம்மதி போய்விடும். நிறுவனம் கட்டிவந்த பி.எஃப். பங்கு நிற்கும். எல்லாவற்றையும் விட, அப்பா அம்மாவுக்கு நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால்தான் அந்த இழப்பின் அளவு தெரியும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவள் சேரும்போது அடிப்படைச் சம்பளம் 15,000க்குக் கீழே இருந்ததால் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் இருக்கிறாள். அந்த ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். ஒன்பதில் விட்டால் அந்த மாத ஓய்வூதியம் வராது. பெரிய தொகை இல்லைதான், பத்து வருஷச் சேவைக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனாலும் சில மாதத்தில் கிடைக்கப்போகும் உரிமையைத் தெரியாமல் விடுவானேன்? பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருஷம் தாண்டிவிட்டாள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் பதினைந்து நாள் கூலியை ஒன்பது வருஷத்துக்குப் பெருக்க, ஏறத்தாழ 2.6 லட்சம் வரும். எந்த வழியில் போனாலும் அது அவளுடையது.

அரசுத் தேர்வைப் பற்றி அண்ணனிடம் நானே பேசினேன். 2024இல் குரூப் 4க்கு 6,244 இடங்கள் அறிவித்தார்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நூலகத்தில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர்களில் பலருக்கு அது சரியான வழி. ஆனால் ஒன்பது வருஷம் ஒரு தொழிலில் கை தேர்ந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் படித்து அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பென்ஷன் இருந்தா நல்லதுன்னு பாத்தேன்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது.

எங்கே வந்து நின்றோம்

என் தீர்ப்பைக் கேட்டாள், சொன்னேன். மேனேஜர் பதவியை இப்போது வாங்காதே. பணம் பத்தாயிரம், போவது உன் கை. தொழில்நுட்பத் தடம் உன் அலுவலகத்தில் உண்மையாகவே இருந்தால் அதைக் கேள். இரண்டு வருஷம் அங்கேயே இரு. பத்து வருஷச் சேவையும் முடியும், ஒரு வருஷச் செலவுப் பணமும் சேரும், வெளியில் பெயர் சொல்கிற அளவுக்கு ஒரு விஷயத்தில் ஆழமும் வரும். அதற்கப்புறம் ஊருக்கு வா, தென்காசி ஆனாலும் சரி, வீட்டு மாடி ஆனாலும் சரி. தடம் இல்லை என்று தெரிந்தால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொந்தப் பொருள் செய்கிற நிறுவனமாகப் பார்த்து மாறு.

அண்ணனுக்கோ மதினிக்கோ நாளைக்கே உடம்பு முடியாமல் போனால் இந்த வரிசை மாறும், அப்போது ஊர்தான் முதல். கடன் இருந்தாலும் மாறும். வீட்டுக் கடன் தவணை கட்டுகிற பிள்ளைக்கு அந்தப் பத்தாயிரம் பெரிய பணம். இதே கேள்வியோடு என் தூத்துக்குடித் தோழி மாதிரி ஒருத்தி வந்திருந்தால், மேனேஜர் பதவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"பதவிய வேண்டாம்னு சொன்னா அடுத்த தடவை கேட்கவே மாட்டாங்களோ?" என்று கடைசி வரை ஒரு பயம் இருந்தது அவளுக்கு. கேட்காமலும் போகலாம், அதை நான் மறைக்கவில்லை. அதனால் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதாமல், 'எனக்கு இது வேண்டும்' என்றும் எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடப் போனபோது, நடைமேடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து போனில் மின்னஞ்சலை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆறு வரி. முதல் வரியில் நன்றி, இரண்டாவது வரியில் மறுப்பு, மீதி நாலு வரியும் அந்தக் கேள்விகள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டது. அந்தத் தடத்தில் அவர்கள் அலுவலகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு 47 வயது. சம்பள வித்தியாசத்தைப் பற்றி மட்டும் பதிலில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மதியம் அந்த 47 வயதுக்காரரோடு அரை மணி நேரம் பேச அனுமதி வாங்கியிருக்கிறாள். அதை அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.